இடைத்துருத்தியில் வாய்கட்டுக் குடம் திறந்த செய்தி

குளிராறு வற்றாதிருக்க. அதன் இரு கரையிலும் தொட்டில்கள் ஓயாதிருக்க.

நாரைக்கரை நாடு ஆள்பவரும், குளிராற்றின் துறைகள் அனைத்துக்கும் காவல் பூண்டவரும், நாரை இலச்சினை உடையவருமான கோப்பெருந்தேவி நற்கோதையார், கன்மலை நாட்டு வேந்தரும், குன்றகக் கோட்டைக்கு உரியவரும், கொடுத்த சொல் மாறாதவர் என எல்லைக்கு அப்பாலும் பேசப்படுபவருமான அரிமானாருக்கு வணக்கமும் வாழ்த்தும் கூறி விடுக்கும் ஓலை. தங்கள் சுனைகள் கோடையிலும் ஊறுக. தங்கள் மலைச்சரிவில் தினை சாயாது விளைக. தங்கள் வீரர் போன வழியே நலமாக வீடு திரும்புக.

தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. அரசியார் அதை இருமுறை வாசிக்கச் செய்து கேட்டார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மூன்று நாள் ஒரு வாய் நீரும் தராத வழக்கம் தங்கள் ஆற்றோர ஊர்களிலும் உண்டு என்றும், அதே வழக்கத்தை எங்கள் இடைத்துருத்தி ஊர் விட்டுவிட்டதாகக் கேள்வியுற்று மகிழ்ந்ததாகவும், எந்த ஆணையால் அதைச் சாதித்தோமோ அதன் படி ஒன்றை அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அண்டை நாட்டில் நடந்த நல்லதைக் கேட்டு, அதைத் தம் மக்களுக்கும் விரும்பும் வேந்தருக்கு அரசியார் முதலில் நன்றி சொல்கிறார். ஆயினும் படி எடுத்து அனுப்புவதற்கு அப்படி ஓர் ஆணை இங்கே இல்லை. முன்பு இருந்த ஆணையும் உதவவில்லை. ஆகவே ஆணைக்குப் பதிலாக நடந்ததையே அனுப்புகிறார். இது இடைத்துருத்திப் படகோட்டி வீட்டுக் கொற்றி என்பவள் நாரைமாடம் என்னும் எங்கள் அரண்மனையின் கூடத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. அவரவர் பேச்சை அவரவர் பேசியபடியே விடுமாறு அரசியார் பணித்திருக்கிறார். அரண்மனைத் தமிழில் மாற்றினால் அது அரண்மனை செய்த வேலை போலத் தோன்றிவிடும் என்பது அவர் கருத்து.

இடைத்துருத்தி, ஆற்றின் நடுவே கிடக்கும் மேட்டில் உள்ள ஊர். எந்த வாசலில் நின்றாலும் நீர் தெரியும். அந்த ஊரில்தான் பிள்ளை பெற்றவள் நாக்கு வறண்டு கிடப்பாள். பழைய நாளில் ஒரு பெருவெள்ளத்தில் ஆறு கெட்டுப்போய், அந்த நீரைக் குடித்த தாய்மார் சிலர் இறந்தார்கள் என்றும், மூன்று நாள் பொறுங்கள் என்று அப்போது மருத்துவர் ஒருவர் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. வெள்ளம் வடிந்தது, மருத்துவரும் போனார். மூன்று நாள் மட்டும் நின்றுவிட்டது. பிறகு அது ஆற்றுத்தாய்க்கு நேர்ந்துகொண்டது என்றார்கள்; பிறகு, அதைக் கேட்பதே குற்றம் என்றார்கள்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த முறை இது. பிள்ளை பிறந்ததும் வீட்டிலுள்ள நீர் அனைத்தையும் கொட்டிவிடுவார்கள். அடுப்பும் அணைந்துவிடும், சமையல் பக்கத்து வீட்டில். தெருப் பெண்கள் கூடி ஒரு புதுக்குடத்தை நிரப்பி வாசலில் வைப்பார்கள். தெருவில் ஒருத்தி அதன் வாயை வெள்ளைத் துணியால் மூடிக் கயிறு கட்டி முடிச்சிடுவாள். பகலில் குடம் வாசலில் இருக்கும், இருட்டினால் உள்ளே போகும். மூன்றாம் நாள் அந்தி சாயும்போது, கட்டியவளே வந்து முடிச்சை அவிழ்த்து, எட்டிப் பார்த்து, “நிறைகுடம்” என்று சொல்வாள். பெண்கள் குலவையிடுவார்கள். அதன் பிறகே தாய்க்கு நீர். ஒருத்தி தன் ஆயுளில் ஒரு குடம்தான் கட்டலாம் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்தப் பெருமை எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமாம். குடம் குறைந்திருந்தால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

மறைந்த பேரரசர், அரசியாரின் தந்தையார், இதைக் கேட்டு நெஞ்சு பொறுக்காமல் முரசறையச் சொன்னார். இடைத்துருத்தியில் ஒரு வீட்டிலும் தாய்க்கு நீர் தருவதில்லை எனக் கேட்டு மன்னர் வருந்தினார் என்றும், இனி நீர் தராத வீட்டுக்குத் தண்டம் என்றும் தெருத்தெருவாக அறிவிக்கப்பட்டது. அவருடைய இரக்கத்தில் குறையில்லை. ஆனால் முரசு கேட்ட வீடுகளில் என்ன நடந்தது என்பதைக் கொற்றி சொல்லித்தான் அரண்மனை அறிந்தது.

கொற்றிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது, இருட்டியதும் அவள் மாமியார் முடிச்சை அவிழ்த்து, குடத்திலிருந்து மொண்டு கொடுத்து, பொழுது விடியுமுன் ஆற்றிலிருந்து நிரப்பி, மறுபடி முடிச்சிட்டு வைத்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. தனக்கு வாய்த்த மாமியார் போல ஊரில் யாருக்கும் வாய்க்கவில்லை என்று கொற்றி நம்பிக்கொண்டாள். அவள் முறை வந்தபோது பக்கத்து வீட்டுப் பிச்சிக்குக் குடம் கட்டினாள். மூன்றாம் நாள் அவிழ்க்கப் போனால், தான் போட்ட முடிச்சு அங்கே இல்லை. வேறு கை போட்ட முடிச்சு. கொற்றி நிமிர்ந்து, “நிறைகுடம்” என்றாள். பாவம், பிச்சி வீடு பலவீனமான வீடு. நாம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பிச்சியோ அதன்பின் தெருவில் எல்லோரையும்விட உரக்கப் பேசினாள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், “முடிச்சு கெட்டியா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே போவாள்.

முரசு அறைந்த மறு ஆண்டு கொற்றியின் மருமகள் சேந்திக்கு முதல் பிரசவம். சித்திரை வெயில். தன் மாமியார் செய்ததைத் தானும் செய்ய வேண்டும் என்றுதான் கொற்றி இருந்தாள். இருட்டியதும் குடத்தின் அருகே போனாள். கயிற்றில் கை வைத்தாள். ஒரு வீட்டிலும் தருவதில்லை என்று முரசு சொன்னது காதில் வந்து நின்றது. அரசரே விசாரித்துச் சொன்னது. அப்படியானால் ஊரில் தோற்கப் போகிற முதல் வீடு தன் வீடுதான். அதோடு, அரசருக்குப் பயந்து நேர்ச்சையைக் கைவிட்ட வீடு என்ற பேரும் சேரும். தண்டத்தைக் கட்டிவிடலாம், தெருவின் வாயை எதைக் கொண்டு கட்டுவது? கையை எடுத்துவிட்டாள். சேந்திக்குக் காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. குழந்தை தங்கவில்லை.

இவ்வளவும் முன்கதை. சேந்தி மறுபடி கருவுற்று, வயிறு இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் கொற்றி தானே துடுப்புப் போட்டுக் கரையேறி நாரைமாடத்துக்கு வந்தாள். அரசியார் முன் விழுந்து எழுந்து அவள் கேட்டது இதுதான்:

“தாயே, ஒரு ஆணை போடுங்க. சாதாரண ஆணை வேணாம். தண்ணி குடுக்காத வீட்டை இடிப்பேன்னு போடுங்க.”

யார் வீட்டை இடிக்க வேண்டும் என்று விரும்புகிறாய் என அரசியார் கேட்டார்.

“எங்க வீட்டைத்தான் தாயே. கொற்றி வீட்டைத்தான் முதல்ல இடிப்பேன்னு பேர் சொல்லிப் போடுங்க. அப்பத்தான் நான் தெருவுல நின்னு, ‘என்னடி பண்ணச் சொல்றீங்க, வீடு போயிடுமே’ன்னு அழ முடியும்.”

அவையில் சிலர் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்கய்யா. உங்க வீட்டுல கெடந்து தவிச்சிருந்தா சிரிப்பீங்களா? எனக்குக் குடுக்க மனசு இருக்கு. சாக்குதான் இல்லை.”

சிரிப்பு அடங்கிற்று. அரசியார் அவள் கேட்டபடியே ஓலை எழுதச் சம்மதித்தார். எழுத உட்கார்ந்தவள் ஓலைநாயகம் குவளை; பதவி ஏற்று ஓராண்டு ஆகாதவள்; ஒரு சொல்லை எழுதுமுன் அதை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பவள் என்று அரண்மனையில் கேலிக்கு ஆளானவள். பழைய ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ‘ஒரு வீட்டிலும்’ என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்தாணியை நிறுத்திவிட்டாள்.

“அம்மா, ஒரு வீட்டுலயும் தண்ணி குடுக்கறதில்லைன்னு எழுதலாமா?”

“எழுதும்மா. அதானே நெசம்.”

“எல்லா வீட்டையும் நீங்க பார்த்திருக்கீங்களா?”

“நான் எப்படிப் பார்க்க? ஆளுக்கு ஒரு குடந்தானே.”

“அப்ப நீங்க கட்டின வீட்டுல குடுக்கலை. அப்படித்தானே?”

கொற்றி தரையைப் பார்த்தாள். “அதை விடும்மா. அது வேற விஷயம்.”

“விட்டுட்டா ஓலை தப்பாயிடும். கோவிச்சுக்காதீங்க. அந்த வீடு நீங்கலாகன்னு போட்டுக்கறேன். உங்களுக்குப் பிள்ளை பொறந்தப்போ?”

“எங்க மாமியா குடுத்தாங்க.”

“அப்ப ரெண்டு வீடு நீங்கலாக...” குவளைக்கு வியர்த்துவிட்டது. அரசியாரைப் பார்த்தாள், கொற்றியைப் பார்த்தாள். “எனக்குச் சரியா எழுத வரலை. மன்னிக்கணும். வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க.”

கொற்றி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: “நான் பார்த்தது ரெண்டே வீடு. ரெண்டுலயும் குடுத்திருக்காங்க. பார்க்காத வீட்டுல குடுக்கலைன்னு எனக்கு யாரு சொன்னது?”

அவளுக்கு அதைச் சொன்னது முரசு. அரண்மனைக்கு அதைச் சொன்னது யார் என்று அவையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொற்றி ஆணையை வாங்காமலே படகுக்குத் திரும்பினாள்.

அரசியார் இந்த இடத்தில் தங்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறார். கெட்ட வழக்கம் நிற்பதற்குக் கெட்ட மனம் வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். நல்ல மனம் உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் பயந்தாலே போதும். அது நூறாண்டு நிற்கும். ஒவ்வொருத்தியும் தன் வீட்டை மட்டும் விலக்கு என்று நினைத்தாள். விலக்குகளாலேயே ஆன ஊர் அது என்பதை அறிய வழியில்லாதபடி, ஆளுக்கு ஒரு குடம் என்ற கட்டுப்பாடே பார்த்துக்கொண்டது. ஒன்றுக்கு மேல் கட்ட விட்டிருந்தால் எவளாவது ஒருத்திக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஊர் திரும்பிய கொற்றி வீட்டுக்குப் போகாமல் பிச்சியிடம் போனாள். பிச்சி கொல்லையில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, அரமனைக்குப் போயிட்டு வந்தவ மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ராணி பக்கத்துல உக்கார வச்சாங்களா?”

“பிச்சி, உன் குடத்தை நான்தானே அவுத்தேன்?”

பிச்சியின் கையிலிருந்த அரிவாள் நின்றது. “ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“முடிச்சு என் முடிச்சு இல்லை.”

மீனைச் சட்டியில் போட்டாள் பிச்சி. கையைக் கழுவவில்லை. “இத்தனை வருசம் கழிச்சு வந்து கேக்கறே. என்ன வேணும் உனக்கு?”

“ஒண்ணும் வேணாம். நானும் குடிச்சவதான்.”

“என்னது?”

“நானும் குடிச்சேன். எங்க மாமியா மொண்டு குடுத்தா.”

பிச்சி அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள் என்றாள் கொற்றி. கூரையில் இருந்த காக்கை பறந்துபோயிற்று. “அடிப்பாவி! நீ எப்ப சொல்லிடுவியோ, எப்ப சொல்லிடுவியோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேனே! நான் ஒருத்தி சத்தம் போட்டா என்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதானே ஊரையெல்லாம் ஏசினேன்!”

“உன் வாயை நான் என்னமோ பக்தின்னு நெனைச்சேன்.”

“பக்தியுமில்லை பாக்குமில்லை. பயம்டி.” பிச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த நீர் அப்படியே அழுகையாக மாறிவிட்டது. “நான் கட்டின குடம் மருதி வீட்டுக் குடம். அதுல முடிச்சு என் முடிச்சாவே இருந்துச்சு. அதனாலதான் அவ மட்டும் ஒழுங்கு, நாமதான் கெட்டவன்னு நெனைச்சேன். அவ புள்ளையும் போயிடுச்சு.”

இருவரும் அந்தக் கொல்லையிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குடம் கட்டும் உரிமையைத் தன் தங்கை மகளுக்கு வாங்கித்தருவதாகவும், அவள் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள் என்றும் பிச்சி சொன்னாள். கொற்றி தலையிலிருந்த சுமை இறங்கியவளாக வீட்டுக்கு வந்து சேந்தியிடம் இதைச் சொன்னாள். தான் குடித்தது, பிச்சி குடித்தது எல்லாவற்றையும் சொன்னாள். மருமகள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தாள்.

சேந்தி நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப தாகத்தோட கெடந்தது நான் மட்டுந்தானா அத்தே?”

கொற்றி அந்த முறத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நீங்க குடிச்சீங்க. பிச்சி சின்னம்மா குடிச்சாங்க. குடிச்சவங்க எல்லாரும் வாயைத் தொடச்சுக்கிட்டுப் பேசாம இருந்தீங்க. அதனாலதான், எல்லாரும் தாங்கறதை நான் மட்டும் தாங்க முடியாதவன்னு நெனைச்சு, ஒரு சொட்டு கேக்காமக் கெடந்தேன்.”

“இந்தத் தடவை அப்படி இல்லைடி கண்ணு. யாருக்கும் தெரியாம...”

“வேணாம். ஒளிச்சுக் குடிக்கிற தண்ணி எனக்கு வேணாம். இன்னைக்கு நான் ஒளிச்சுக் குடிச்சா, நாளைக்கு எவளோ ஒருத்தி என்னைப் பார்த்துட்டு வாயைக் கட்டிக்கிட்டுக் கெடப்பா. வாசல்ல உக்காந்து குடிப்பேன். இல்லைன்னா குடிக்க மாட்டேன்.”

சொன்னால் செய்பவள் சேந்தி என்பது கொற்றிக்குத் தெரியும். வாசலில் தனியாகக் குடித்தால் வீட்டை ஊர் ஒதுக்கிவைக்கும். பிறக்கிற பிள்ளைக்கு ஊரே இல்லாமல் போகும். குடிக்காவிட்டால் பிள்ளையே இல்லாமல் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழிதான் இருந்தது: யாரும் முதல் வீடாக இல்லாதபடி எல்லா வீடும் சேர்ந்து ஒரே நாளில் வாய் திறக்க வேண்டும். கொற்றியும் பிச்சியும் யாரிடமும் அடுத்தவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லவில்லை. புதுவெள்ளம் வரும் நாளில் பெண்கள் எல்லோரும் குடத்தோடு துறைக்கு வருவது அவ்வூர் வழக்கம். அன்றைக்குச் சொல்லலாம் என்று இருந்தார்கள். எப்படிச் சொல்வது என்பதைக் கடைசிவரை அவர்கள் முடிவு செய்யவில்லை.

புதுவெள்ளம் வந்தது. துறை நிறையப் பெண்கள். மஞ்சளும் பூவும் ஆற்றில் விட்டு முடிந்ததும் கொற்றி முழங்கால் அளவு நீரில் இறங்கித் திரும்பி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. எனக்குப் புள்ள பொறந்தப்ப நான் தண்ணி குடிச்சேன். வாய்கட்டுக் குடத்துலேருந்தே குடிச்சேன். ஆத்துத்தாயி என்னைக் கொண்டுபோகலை. குடிச்சவங்க யாரும் இருந்தா எறங்கி வாங்க. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.”

யாரும் அசையவில்லை. பிச்சி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “நான் குடிச்சது ஒரு வாய் இல்லை, அரைக் குடம்!” என்று சொல்லியபடி தடதடவென்று இறங்கினாள். அந்தப் பிச்சியா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரித்தவள் இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய நாத்தனார் இறங்கினாள். பிறகு கரை சரிந்ததுபோல இறங்கினார்கள். “நீயுமா?” “உனக்குமா?” “ஏன்டி, என்னை அப்படித் திட்டினியே!” என்று துறை முழுக்க ஒரே சத்தம். சிலர் அழுதார்கள், சிலர் ஒருவர் முகத்தில் ஒருவர் நீரை வாரி இறைத்தார்கள்.

அந்தச் சத்தத்தின் நடுவே கொற்றி தற்செயலாக நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். படிக்கட்டில் சில பெண்கள் மட்டும் தனியே நின்றார்கள். உண்மையிலேயே நீர் கிடைக்காமல் கிடந்தவர்கள். பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். சேந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளருகே மருதி நின்றாள். ஊர் முழுக்க ஆற்றில் சிரிக்க, அவர்கள் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருதி குடத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அப்போதுதான் தன் தவறு தெரிந்தது என்கிறாள் கொற்றி. குடித்தவர்களை இறங்கச் சொன்னதில், குடிக்காதவர்களை ஊர் பார்க்கும்படி கரையில் நிறுத்திவிட்டாள். ஆற்றை விட்டு ஓடிவந்து படியேறினாள். ஈரம் சொட்டச் சொட்ட இரு கையிலும் நீர் அள்ளி வந்து சேந்தியின் முன் நீட்டினாள்.

சேந்தி அதைப் பார்த்தாள். “இப்ப எனக்குத் தாகம் இல்லை அத்தே. அன்னைக்கு இருந்துச்சு.”

கொற்றியின் விரலிடுக்கில் நீர் ஒழுகித் தீர்ந்தது. ஆற்றில் சத்தம் மெல்ல அடங்கிற்று. பிச்சி கரையேறினாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கரையேறி, படியில் நின்றவர்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் பேசியவள் சேந்திதான்: “எம் புள்ளைக்கு வாசல்ல என்ன வைக்கப்போறீங்க? அதைச் சொல்லுங்க.”

அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். சேந்திக்கு வலி கண்டு பெண் பிறந்தபோது, வீட்டு நீரை யாரும் கொட்டவில்லை. புதுக்குடம் வாசலுக்கு வந்தது. துணியும் கயிறும் வரவில்லை. தெருப் பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு சொம்பு ஊற்றினார்கள். முதல் சொம்பு, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி ஊற்றியது. சேந்தி கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லோரும் பார்க்கக் குடித்தாள். மூச்சு வாங்கிக் குடித்தாள், நிறுத்திக் குடித்தாள். “போதும்டி, குளிர் பிடிச்சுக்கும்” என்று பிச்சி சொல்ல, “நீங்க அரைக் குடம் குடிச்சீங்களே சின்னம்மா, அப்ப பிடிச்சுதா?” என்று கேட்டாள். குடம் குறையக் குறைய ஊற்றினார்கள். மூன்றாம் நாள் அந்தியில் கூட்டமும் குலவையும் முன்போலவே நடந்தன. அவிழ்க்க முடிச்சுதான் இல்லை. குழந்தை நலம்; தாயிடம் பால் நிறைய.

அதன்பின் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் திறந்த குடம்தான். முற்றிலும் என்று எழுத வேண்டாம் எனக் குவளை வேண்டுகிறாள். வடக்குத் தெருவில் இன்னும் துணி கட்டும் வீடுகள் இருக்கின்றன. யாரும் அவர்களை ஏசுவதில்லை. பக்கத்து வாசல்களைப் பார்த்து அவர்களும் வருவார்கள் என்று ஊர் காத்திருக்கிறது. மருதி இன்றுவரை கொற்றியோடு பேசுவதில்லை. ஆனால் சேந்தியின் குழந்தையைத் தினமும் வந்து தூக்குகிறாள்.

வேந்தரே, இதில் அரண்மனையின் பங்கு மிகச் சிறிது. தண்டம் என்ற சொல் செய்யாததை ஒரு முழங்கால் ஆழத்து நீர் செய்தது. ஆகவே தங்கள் நாட்டில் முரசறையாதிருக்குமாறு அரசியார் வேண்டுகிறார். அறைந்தே ஆகவேண்டுமென்றால், எல்லோரும் செய்கிறார்கள் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அதைக் கேட்ட நல்லவர்கள் தம்மைத் தனியர் என்று எண்ணிக்கொள்வார்கள். வீடுகளுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்டறியுங்கள். அதை அவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்ள ஒரு நாளும் ஓர் இடமும் கொடுங்கள். குலவையை நிறுத்தாதீர்கள். மக்கள் விட மறுப்பது பெரும்பாலும் வலியை அல்ல, அதைச் சுற்றியுள்ள கூட்டத்தை.

எங்கள் அரசியார் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அஞ்சிக்கொண்டே நீரில் இறங்கிய கொற்றிக்கும், அவள் பின்னால் இறங்கிய பிச்சிக்கும், எழுத முடியாமல் எழுத்தாணியை நிறுத்திய குவளைக்கும் நன்றி. ஒளித்துத் தந்த நீரை மறுத்த சேந்திக்கு எப்படி நன்றி சொல்வதென்று அரசியாருக்குத் தெரியவில்லை. அவளை அழைத்து, வேண்டியதைக் கேள் என்றார். கன்மலை நாட்டிலிருந்து தங்கள் ஓலை வந்திருப்பதை அறிந்த சேந்தி, அங்கே தானே போய்ப் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தாள். அவள் சொன்னபடியே எழுதப்படுகிறது:

“எங்க ஊருல குடிச்சவங்களை முதல்ல கூப்பிட்டோம். அது தப்பு. அங்க எங்களை மாதிரி கெடந்தவங்களை முதல்ல கூப்பிடணும். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் ஆத்துல எறங்கக் கூடாது.”

ஆதலால் நாரைக்கரை அரசியார் ஆணை: இவ்வோலையைக் கொண்டுவரும் சேந்தி, கைக்குழந்தையோடு வருகிறாள், கொற்றியும் பிச்சியும் துணை வருகிறார்கள். எல்லைக் காவலர் எவரும் இவர்களைத் தடுக்காதிருக்க. துறைகாவலர் படகு தந்து ஏற்றிவிட. கன்மலை வேந்தரிடம் அரசியார் வேண்டுவது: ஆற்றோரத்துப் பெண்கள் கூடும் நாளில், நீர் கிடைக்காமல் பிள்ளையை இழந்தவர்களுக்கு நடுவிடம் தருக. முதற்சொல் அவர்களுடையதாகுக. அவர்கள் அழுதால் அழுது தீரும்வரை, அரசராயினும், எழுந்து போகாதிருக்க.

நற்கோதையார் திருவாய்மொழி. எழுதினேன், ஓலைநாயகம் குவளை. சேந்தி முன்னிலையில் இருமுறை படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகு நாரை இலச்சினை இடப்பட்டது.